மத்திய பட்ஜெட்: வரவும் செலவும் எப்படி நேராகிறது? – கேள்வி பதில்

ஈரோட்டில் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பொருளாதாரம் சொல்லித் தருகிறேன். மத்திய பட்ஜெட்டைப் பற்றி யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொன்னதும் நம் பக்கத்து ஊர்களிலிருந்து கேள்விகள் குவிந்துவிட்டன. பதில்களில் வேறு வருஷம் சொல்லாத இடங்களில் எல்லாம் 2025-26 பட்ஜெட் மதிப்பீட்டு எண்களையே எடுத்திருக்கிறேன்.

ஏனுங்க, டிவியில் பற்றாக்குறை பற்றாக்குறை என்கிறார்கள். பட்ஜெட்டைப் பார்த்தால் வரவும் செலவும் ஒரே தொகையாக இருக்கிறதே? (நாமக்கல், கோழிப்பண்ணை)

இரண்டுமே சரிதானுங்க. மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி ரூபாய். வரியில் மாநிலங்களின் பங்கு போக மிஞ்சுவது, டிவிடெண்ட், கட்டணங்கள், பங்கு விற்பனை எல்லாம் சேர்த்து மத்திய அரசுக்கு வருவது 34.96 லட்சம் கோடி. மீதி 15.69 லட்சம் கோடி கடன். அந்தக் கடனையும் வரவுப் பக்கத்திலேயே எழுதுவதால் கூட்டுத்தொகை நேராகிவிடுகிறது. எந்த வருஷத்து பட்ஜெட்டை எடுத்தாலும் கணக்கு நேராகத்தான் நிற்கும். எதை வைத்து நேராக்கினார்கள் என்றுதான் பார்க்க வேண்டும்.

இந்த 15.69 லட்சம் கோடிதான் நிதிப் பற்றாக்குறை. நாட்டின் மொத்த உற்பத்தியில் 4.4 சதவீதம். கொரோனா வந்த 2020-21இல் இது 9.2 சதவீதம் வரை போனது.

கடன் வாங்காமல் எந்தத் தொழிலும் ஓடாது. அரசாங்கம் வாங்கினால் மட்டும் ஏன் இவ்வளவு பேச்சு? (சோமனூர், விசைத்தறி)

கடன் வாங்குவது தப்பில்லைங்கண்ணா. புதுத் தறி இறக்க வாங்கும் கடனை அந்தத் தறியே ஓடி அடைத்துவிடும். வாராவாரம் கூலி கொடுக்கவே கடன் வாங்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதே கண்ணோடு பட்ஜெட்டைப் பாருங்கள். சம்பளம், பென்ஷன், வட்டி, மானியம் என்று அந்தந்த வருஷத்தோடு முடிந்துபோகும் செலவு 39.44 லட்சம் கோடி. அதற்கு ஈடாக வரும் வருவாய் 34.20 லட்சம் கோடி. துண்டு விழுவது 5.24 லட்சம் கோடி. இதுதான் வருவாய்ப் பற்றாக்குறை. சாலை, ரயில் பாதை, ராணுவத் தளவாடம் போன்ற மூலதனச் செலவு 11.21 லட்சம் கோடி. இரண்டையும் கூட்டினால் 16.45. பங்கு விற்பனையிலும் கொடுத்த கடன் திரும்பி வருவதிலும் கிடைக்கும் 0.76ஐக் கழித்தால் அதே 15.69 வந்துவிடும்.

ஆக, வாங்கும் கடனில் மூன்றில் ஒரு பங்கு அன்றாடச் செலவுக்குப் போகிறது. பத்திரிகைகள் 4.4 சதவீதத்தையே திருப்பித் திருப்பி எழுதும். நான் முதலில் தேடுவது இந்த 5.24ஐத்தான்.

ஐயா, அந்த 5.24 லட்சம் கோடியில் மாநிலங்களுக்குத் தரும் மானியமும் இருக்கிறதே? அதில் வீடும் ரோடும் கட்டுகிறார்கள். அதையும் அன்றாடச் செலவு என்று சொல்லலாமா? (கோவை, போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்)

நல்ல இடத்தில் பிடித்தாய் கண்ணு. மாநிலங்களும் மற்ற அமைப்புகளும் சொத்து உருவாக்குவதற்காக மத்திய அரசு கொடுக்கும் மானியம் மட்டும் 4.27 லட்சம் கோடி. அதைக் கழித்தால் மிஞ்சும் வருவாய்ப் பற்றாக்குறை ஏறக்குறைய 97,000 கோடிதான், உற்பத்தியில் 0.3 சதவீதம். அரசும் இதைத் தனி வரியாகக் காட்டுகிறது. ஆனால் உருவாகும் சொத்து மத்திய அரசின் கையில் இருக்காது, அதற்காக வாங்கிய கடனின் வட்டி மட்டும் அதன் தலையில் இருக்கும். தேர்வில் ஒரு எண்ணை மட்டும் எழுதிவிட்டு வராதே, இரண்டையும் எழுது.

இவ்வளவு கடனை யார் கொடுக்கிறார்கள்? உலக வங்கியா? (பெருந்துறை, மஞ்சள் விவசாயம்)

பெரும்பகுதி நம் நாட்டுக்குள்ளேயே, ரூபாயிலேயே வாங்குவதுங்க. அரசு கடன் பத்திரங்களை ஏலம் விடுகிறது. வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் பி.எஃப். அமைப்பும் வாங்குகின்றன. வங்கிகள் தங்களிடமுள்ள டெபாசிட் தொகையில் 18 சதவீதம் அளவுக்குப் பெரும்பாலும் இத்தகைய பத்திரங்களாகவே வைத்திருக்க வேண்டும் என்பது விதி. நீங்கள் மஞ்சள் விற்று பேங்கில் போட்ட பணமும் அதில் இருக்கிறது.

வட்டிதான் எனக்குக் கவலை. 2025-26இல் 12.76 லட்சம் கோடி. வருவாயாக வரும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 37 ரூபாய், பள்ளிக்கூடமோ ஆஸ்பத்திரியோ பார்ப்பதற்கு முன்பே போய்விடுகிறது. புதிதாக வாங்கும் 15.69 லட்சம் கோடியோடு ஒப்பிட்டால், ஐந்தில் நான்கு பங்கு பழைய கடனின் வட்டிக்குச் சமம்.

நோட்டு அடிப்பது அரசாங்கம்தானே? அடித்துக் கடனைத் தீர்த்துவிட்டால் என்ன? (கரூர்)

ஒரு காலத்தில் கிட்டத்தட்ட அதுதான் நடந்தது. துண்டு விழுந்தால் அரசு ஒரு சீட்டை எழுதி ரிசர்வ் வங்கியிடம் கொடுத்துப் பணம் வாங்கிக்கொள்ளும். பொருள் கூடாமல் பணம் மட்டும் கூடினால் விலைவாசி ஏறும், அந்தச் சுமையைக் கூலிக்காரர்தான் முதலில் சுமப்பார். 1997இல் அந்த வழக்கத்தை நிறுத்தினார்கள். அப்புறம் 2003ஆம் ஆண்டின் நிதிப் பொறுப்புச் சட்டம், அரசு வெளியிடும் பத்திரத்தை ரிசர்வ் வங்கி நேரடியாக வாங்குவதற்கும் தடை போட்டது. இப்போது அங்கிருந்து வருவது அதன் உபரித் தொகை. 2025 மே மாதம் அறிவித்த உபரி 2.69 லட்சம் கோடி.

பனியன் ஏற்றுமதிக்கு வரும் ஜிஎஸ்டி ரீஃபண்ட் எந்தச் செலவுக் கணக்கில் வரும்? (திருப்பூர், கம்பெனி அக்கவுண்ட்ஸ்)

செலவில் வராதுங்க. வசூலிலிருந்து கழித்த பிறகுதான் வருவாயையே எழுதுகிறார்கள்.

41 சதவீதம் மாநிலங்களுக்கு என்கிறார்கள். நம்ம பங்கு ஏன் அவ்வளவு குறைவாகத் தெரிகிறது? (பொள்ளாச்சி, தென்னந்தோப்பு)

இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். மத்திய அரசின் மொத்த வரி வசூல் 42.70 லட்சம் கோடி. மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுப்பது 14.22 லட்சம் கோடி. வகுத்துப் பாருங்கள், மூன்றில் ஒரு பங்குதான் வரும். 41 சதவீதம் என்பது பகிர வேண்டிய வரிக்கு மட்டும். செஸ் (ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்கான வரி), சர்சார்ஜ் (வரிக்கு மேல் வரி) என்று வசூலிப்பதைப் பகிரத் தேவையில்லை என்று அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. நாம் போடும் ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலிலும் அப்படிப்பட்ட பணம் இருக்கிறது.

அடுத்தது, கிடைப்பதை மாநிலங்களுக்குள் எப்படிப் பிரிப்பது. அதை முடிவு செய்ய அவ்வப்போது அமைக்கும் குழுதான் நிதிக்குழு. 13ஆவது நிதிக்குழு தமிழ்நாட்டுக்கு 4.969 சதவீதம் கொடுத்தது. 14ஆவது 4.023 ஆக்கியது. 15ஆவதில் 4.079. அந்த 15ஆவது குழு, தனிநபர் வருமானம் குறைந்த மாநிலத்துக்குக் கூடுதல் என்ற கணக்குக்கு மட்டும் 45 சதவீத எடை கொடுத்தது. ஏழை மாநிலத்துக்கு உதவுவதை நான் குறை சொல்லமாட்டேன், அது நாட்டுக்குத் தேவை. ஆனால் பகிராத வரியை வளர்த்துக்கொண்டே போவது நியாயமில்லை. அதில் ஏழை மாநிலமும்தான் இழக்கிறது.

சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட் போட்டது நம்ம கோயம்புத்தூர்க்காரர் என்கிறார்களே? அதிலும் துண்டு விழுந்ததா? (சிங்காநல்லூர்)

ஆமாங்க, ஆர்.கே. சண்முகம் செட்டியார். 1947 நவம்பர் 26 அன்று தாக்கல் செய்தார். ஆகஸ்ட் 15 முதல் அடுத்த மார்ச் வரை ஏழரை மாதத்துக்கான கணக்கு. வருவாய் 171.15 கோடி, செலவு 197.39 கோடி. 26.24 கோடி துண்டு விழுந்தது. செலவில் 92.74 கோடி ராணுவத்துக்கே. பிரிவினையின் ரத்தம் காயாத நேரம் அது, அகதிகளுக்குச் சோறும் கூரையும் வேறு கொடுக்க வேண்டியிருந்தது. அந்த வருஷத் துண்டை நான் எந்த நாளும் குறையாகப் பேசமாட்டேன்.

எதிர்பார்த்த வரி வராவிட்டால் நடுவில் என்ன செய்வார்கள்? (கோபி, ஆசிரியை)

வட்டியையும் சம்பளத்தையும் பென்ஷனையும் நிறுத்த முடியாதுங்க அம்மணி. அதனால் தள்ளிப்போடக்கூடிய வேலைகளில்தான் முதலில் கை வைப்பார்கள், பெரும்பாலும் மூலதனச் செலவில். வரி குறையாவிட்டாலும், வேலை மெதுவாக நடந்து பணம் செலவாகாமல் நிற்பதும் உண்டு. 2024-25இல் மூலதனச் செலவுக்கு 11.11 லட்சம் கோடி என்று அறிவித்து, திருத்திய மதிப்பீட்டில் (வருஷத்தின் கடைசிப் பகுதியில் திருத்திப் போடும் கணக்கு) 10.18 ஆக இறக்கினார்கள். நிதிப் பற்றாக்குறை 4.9லிருந்து 4.8 சதவீதமாகக் குறைந்து அழகாகத் தெரிந்தது. ஆனால் கட்டியிருக்க வேண்டிய ஏதோ ஒன்று அந்த வருஷம் கட்டப்படவில்லை. ‘பட்ஜெட் ஒரு பார்வை’ என்ற சிறு ஆவணத்தில் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு இரண்டும் பக்கத்துப் பக்கத்துப் பத்தியில் இருக்கும். பிள்ளைகளுக்கு வகுப்பில் காட்டுவதாக இருந்தால் அந்த ஒரு பக்கம் போதும்.