‘பெரும்பாலும் கொடுப்பதில்லை’ என்பதில்தான் சிக்கல்

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. சாப்பிட உட்கார்ந்தாலே செல்போன் கேட்டு அழுது புரள்கிறான். பெரும்பாலும் கொடுப்பதில்லை. விருந்தாளிகள் இருந்தாலோ, மாமியார் முகம் சுளித்தாலோ கொடுத்துவிடுவேன். அடம் கூடிக்கொண்டே போகிறது. ‘நான் நல்ல அம்மா’ என்று தினமும் கண்ணாடி முன் சொல்லச் சொன்னார்கள். சொன்னால் அழுகைதான் வருகிறது.
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: என்றைக்குமே கொடுக்காமல் இருந்திருந்தால் அவன் எப்போதோ விட்டிருப்பான். அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரின் ஆய்வுகளில், நெம்புகோலை அழுத்தும்போதெல்லாம் தீனி பெற்ற எலி, தீனி நின்றதும் சீக்கிரமே ஓய்ந்துவிடும். எப்போது விழும் என்று தெரியாமல் அவ்வப்போது பெற்ற எலியோ, தீனி நின்ற பிறகும் வெகுநேரம் விடாமல் அழுத்தும். உங்கள் மகனுக்கு அழுகைதான் நெம்புகோல். ‘இன்றைக்கு விழலாம்’ என்ற நம்பிக்கையை, தெரியாமல், நீங்களே வளர்த்திருக்கிறீர்கள்.

அவனும் உங்களைப் பழக்குகிறான் என்பது இன்னொரு பக்கம். போனைக் கொடுத்த நொடியில் வீடு அமைதியாகிறது, உங்களுக்கு அப்பாடா என்றிருக்கிறது. தொல்லை ஒன்று நீங்குவதால் ஒரு செயல் பழக்கமாவதை எதிர்மறை வலுவூட்டல் என்பார்கள். (பி.எட். மாணவர்கள்கூட இதைத் தண்டனை என்று எழுதிவைப்பார்கள். அது வேறு.)

போன் கொடுப்பதானால் சாப்பாடு முடிந்தபின் இவ்வளவு நேரம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, அழுவதற்கு முன்பே கொடுங்கள். மறுத்தால் மறுத்ததுதான். மாமியாரிடமும் முதலிலேயே பேசிவிடுங்கள். அவர் ஒருநாள் இரங்கினாலும் கதை பழையபடி தொடங்கும். முதல் சில நாள் அழுகை இன்னும் ஓங்கும். இத்தனை நாள் பலித்தது பலிக்காதபோது குழந்தை சத்தத்தைக் கூட்டித்தான் பார்க்கும். அந்த உச்சத்தில் கொடுத்தால், இனி அந்த அளவுக்குக் கத்த வேண்டும் என்று கற்றுக்கொள்வான். அழாமல் கேட்கும் நாளில் உடனே கவனியுங்கள். “அழாம கேட்டியேடா” என்ற ஒரு வார்த்தை போதும். தலையை மோதிக்கொள்வது, சாப்பாட்டையே ஒதுக்கி எடை குறைவது என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கண்ணாடிப் பயிற்சியை நிறுத்திவிடலாம். கனடாவில் உளவியலாளர் ஜோஆன் வுட் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், தன்மதிப்பு குறைந்தவர்கள் ‘நான் அன்புக்குரியவன்’ என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது, சொல்லாதவர்களைவிட அவர்கள் மனநிலை மோசமாக இருந்தது. மனம் நம்பாத வாக்கியத்தைச் சொன்னால், அது நம்மோடு எதிர்வழக்காடும். உங்களுக்கு வந்த அழுகையும் அந்த வழக்காகத்தான் இருக்கும்.

செயலுக்கு மதிப்பெண் போடலாம், மனிதருக்குப் போடக் கூடாது என்றார் அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ். தன்னை ஏற்றுக்கொள்வது என்றால் தவறைச் சரி என்பதல்ல. ‘நேற்று கொடுத்துவிட்டேன்’ என்பதோடு நிறுத்துவது. நாட்காட்டியில் தினமும் ‘கொடுத்தேன்’ அல்லது ‘கொடுக்கவில்லை’ என்று மட்டும் குறியுங்கள். ‘நல்ல அம்மா, கெட்ட அம்மா’ என்பதற்கு அதில் கட்டம் வேண்டாம்.