5×5 சிக்குக் கோலம்: கால் பாகத்தைச் சுழற்றினால் ஏன் ஒரே கம்பியாக வருவதில்லை?

கும்பகோணம் பக்கம் மார்கழியில் வாசலில் போடும் 5×5 சிக்குக் கோலத்தைக் கணினியில் சுழற்றி வரைந்தால் ஐந்து தனிக் கம்பிகளாக (தொடங்கிய இடத்திலேயே முடியும் கோடுகளாக) வருகிறது, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அடுத்தடுத்த புள்ளிகள் எல்லாவற்றுக்கும் நடுவே கோடுகள் வெட்டிக்கொண்டால், கம்பிகளின் எண்ணிக்கை நீள, அகலப் புள்ளி எண்ணிக்கைகளின் மீப்பெரு பொது வகுத்தி. 5×5 என்றால் 5. 2×3 என்றால் 1. வழி அதிலேயே இருக்கிறது.

நடுப்புள்ளியை ஒதுக்குங்கள். மீதி 24 புள்ளியும் காற்றாடி இறக்கை மாதிரி நாலு 2×3 கட்டமாகும். ஒரு கட்டத்தை ஒரே கம்பியாக வரைந்து, நடுப்புள்ளியை மையமாக வைத்து 90 பாகை வீதம் சுழற்றுங்கள். புரட்டிப் போடக் கூடாது. புரட்டினால் நடுவரிசையில் கட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். நடுப்புள்ளிக்குத் தனிச் சுழி. இப்போதும் ஐந்து கம்பிதான். சுழியை நாலு கட்டத்தோடும் ஒவ்வோர் இடத்தில் வெட்டவிட்டால் ஐந்தும் ஒன்றாகிவிடும்.

கட்டங்களுக்கிடையே இன்னும் எட்டு இடம் கோடுகள் வெட்டாமல் மூடியிருக்கும். அழகுக்காக எட்டையும் திறந்து வெட்டவிட்டால் பழையபடி ஐந்துதான்! வேண்டுமானால் சுழற்சியில் ஒத்த நாலை மட்டும் திறந்து, கம்பியைத் தொடர்ந்துபோய் எண்ணிப் பாருங்கள்.

கட்டங்கள் சேரும் மூட்டு முறிந்து தெரிந்தால், கோடு இரு புள்ளிகளுக்குச் சரிநடுவில் 45 பாகையில் கடக்கவில்லை என்று பொருள்.