ஒரு புள்ளி குறைந்தால் சரிவா?

கேள்வி: மெல்பர்னில் வசிக்கிறேன், புதிதாக வாக்குரிமை பெற்றவன். ஒரு நாளிதழில் "அரசின் செல்வாக்கு சரிகிறது" என்று செய்தி. அதே வாரம் இன்னொன்றில் "லேபர் முன்னிலை". லேபர்தானே ஆளும் கட்சி? எதை நம்புவது? செய்தியைத் தவறாகப் போட்டால் எங்கே புகார் செய்வது?

பதில்: இரண்டும் உண்மையாக இருக்கலாம். தலைப்பை விட்டு எண்ணைப் பாருங்கள். கருத்துக்கணிப்பில் லேபருக்குப் போன முறை 52 சதவீதம், இந்த முறை 51 என்றால், அதை மட்டும் வைத்துச் சரிவு என்று சொல்ல முடியாது. 1,200 பேரிடம் கேட்ட கணிப்பில் பிழை எல்லை மேலும் கீழும் ஏறக்குறைய 3 புள்ளி. ஆனால் கணிப்புக்குக் காசு கொடுத்த பத்திரிகை முதல் பக்கத்தில் ஏதாவது போட்டாக வேண்டுமே!

அந்த 51 பெரும்பாலும் இருகட்சிக் கணக்கு. சிறு கட்சிகள், சுயேச்சைகள் பெறும் வாக்குகளை, பொதுவாகக் கடந்த தேர்தலில் விருப்பு வாக்குகள் (வாக்காளர் 1, 2, 3 என வரிசைப்படுத்தித் தருபவை) போன விகிதப்படி, லேபருக்கும் லிபரல்-நேஷனல் கூட்டணிக்கும் பிரித்துச் சேர்த்தது. கேட்ட பதிலோடு ஊகமும் கலந்த எண். முதல் விருப்பு வாக்கு விவரம் கட்டுரையின் அடியில் கிடக்கும். அதைத் தேடிப் படியுங்கள்.

பிழை எல்லை கணக்கில் எடுக்காத தவறும் உண்டு. 2019 தேர்தலில் கடைசிக் கணிப்புகள் லேபருக்கு 51, 52 என்றன, கூட்டணி 51.5 வாங்கி ஜெயித்தது. மாதிரியில் லேபர் ஆதரவாளர்கள் அளவுக்கு மீறி இருந்தார்கள். 2025-ல் தலைகீழ்: மர்டோக் குழுமத்தின் 'தி ஆஸ்திரேலியன்' நாளிதழ் வெளியிடும் நியூஸ்போல் கணிப்பு லேபருக்கு 52.5 சொன்னது, கிடைத்தது 55.2. இரண்டு பக்கமும் சறுக்கியிருப்பதால், "மர்டோக் பேப்பர் கணிப்பு, அப்படித்தான் இருக்கும்" என்ற பேச்சு இங்கே செல்லாது. தலைப்பு எழுதும் மேசை வேறு. அங்கே உங்கள் சந்தேகம் இருக்கட்டும்.

புகாருக்கு வாசல்கள் வேறு வேறு. நாளிதழும் அதன் இணையதளமும் என்றால் ஆஸ்திரேலிய பிரஸ் கவுன்சில். உறுப்பினர் நிறுவனங்கள் மீது மட்டுமே அது விசாரிக்கும். அபராதம் போடாது, தீர்ப்பை அச்சிடச் சொல்லும். பொது ஒலி-ஒளிபரப்பு நிறுவனமான ஏபிசி என்றால் முதலில் அதன் ஓம்புட்ஸ்மன், அதாவது புகார் விசாரிப்பவர். வணிகத் தொலைக்காட்சி என்றால் ஒளிபரப்பான 30 நாளுக்குள் அந்த நிலையத்துக்கே எழுத வேண்டும். 60 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி தராவிட்டாலும் ஒளிபரப்பைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஏசிஎம்ஏவுக்குப் போகலாம்.

"ஒருதலைப்பட்சம்" என்று மட்டும் எழுதினால் புகார் நிற்காது. எந்த வாக்கியம், எந்தத் தேதி, சரியான எண் எது என்று குறிப்பிடுங்கள். பக்கத்தை முதலிலேயே படமெடுத்து வையுங்கள். இணையத் தலைப்பு மதியத்துக்குள் மாறிவிடலாம்.