“எலும்பு பொருந்திவிட்டது” என்ற அறிக்கையை வைத்துக் கையொப்பம் இடலாமா?

கேள்வி: கல்முனை வீதியில் டிப்பர் மோதி என் தம்பியின் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து 19 மாதம் ஆகிறது. சத்திரசிகிச்சை செய்து தகடு வைத்தார்கள். ஐந்தாம் மாதம் எக்ஸ்ரே பார்த்த வைத்தியர் “பொருந்திவிட்டது, நடக்கலாம்” என்றார். பதினோராம் மாதம் தகடு உடைந்தது. பிறகு எடுத்த சீ.டி. ஸ்கேனில் எலும்பு சேரவேயில்லை. கடல் தொழிலும் போய்விட்டது. வைத்தியர் மேல் வழக்குப் போட வேண்டும். டிப்பரின் காப்புறுதிக் கம்பனியோ ஐந்தாம் மாத அறிக்கையைக் காட்டி ஒரு தொகை தருகிறோம், கையொப்பமிடுங்கள் என்கிறது. – வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: சகோதரி, வைத்தியரை விடுங்கள். உங்களுக்கு மிச்சமிருப்பது ஐந்து மாதம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிச் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, நட்டஈட்டு வழக்கை இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். டிப்பருக்கு எதிரான அந்தக் கணக்கு விபத்து நடந்த நாளிலேயே தொடங்கிவிட்டது. பொலிசார் நீதவான் நீதிமன்றத்தில் போட்ட வழக்கு இந்தக் காலத்தை நிறுத்தாது. “பொலிஸ் கேஸ் முடியட்டும்” என்று இருந்து இந்தக் கெடுவைத் தவறவிட்டவர்களை நான் வருடந்தோறும் பார்க்கிறேன்.

எக்ஸ்ரே தவறியதே கவனயீனம் ஆகாது. அது ஒரு தட்டையான நிழல். முன்பக்கம், பக்கவாட்டு என்று எடுக்கும் இரண்டு படங்களில் தெரியும் நான்கு ஓரங்களில் மூன்றிலாவது புது எலும்பு பாலம் போட்டிருந்தால் பொருந்தியதாகக் கொள்வது வழக்கம். தகடு வைத்த காலில் உலோகமே ஓர் ஓரத்தை மறைத்துவிடும். இறுக்கமாகத் தகடு பூட்டினால் புது எலும்பு வெளியே திரளாமலும் சேரலாம். அப்போது முறிவுக் கோடு மங்குவதை மட்டும் வைத்துத் தீர்மானிக்க வேண்டியிருக்கும், ஒரே படத்தை இரண்டு நிபுணர்கள் இரண்டு விதமாக வாசிப்பார்கள். அதனால்தான் அழுத்தினால் நோகிறதா, கால் ஊன்றினால் நோகிறதா என்றும் பார்ப்பார்கள். சந்தேகம் வந்தால் சீ.டி. எடுப்பார்கள்.

இன்னொன்று. படத்தைத் தவறாக வாசித்ததால் எலும்பு சேராமல் போகவில்லை. சேராத எலும்பைத்தான் அவர் தவறாக வாசித்தார். கவனயீனத்தால்தான் இந்தப் பாதிப்பு வந்தது என்ற தொடர்பை நீங்களே நிரூபிக்க வேண்டும். குழந்தை வைத்திய நிபுணர் பேராசிரியர் பிரியானி சொய்சா மேல் போட்ட வழக்கில் 2001இல் உயர் நீதிமன்றம் நட்டஈட்டை ரத்துச் செய்தது அந்தத் தொடர்பு நிரூபிக்கப்படாததால்தான். அது மட்டுமல்ல, டிப்பருக்கு எதிரான வழக்கில் உங்களுக்கு மிக முக்கியமான சாட்சி இந்த வைத்தியர்தான். அவர் மேல் குற்றம் சுமத்தி ஒரு கடிதம் போட்டாலே எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதைத் தூக்கிப் பிடிப்பார்: “பாதிப்புக்கு வைத்தியர் காரணம், எங்கள் வாகனமல்ல.”

என்னைப் பயப்படுத்துவது அந்தக் கையொப்பம். நம் சட்டத்தில் ஒரு விபத்துக்கு ஒரு முறைதான் நட்டஈடு. இனி வரப்போகும் செலவையும் அந்த ஒரே கோரிக்கையில் சேர்த்துவிட வேண்டும். “முழுமையான இறுதித் தீர்வு” என்ற தாளில் தம்பி கையொப்பமிட்டால் இரண்டாவது சத்திரசிகிச்சை, எலும்பு ஒட்டு, தொழிலில்லாத மாதங்கள் எல்லாம் அவர் தலையில்தான் விழும். ஏறாவூரிலிருந்து வந்த ஒருவர் எக்ஸ்ரே அறிக்கையை நம்பிக் கையொப்பமிட்டு, நான்கு மாதம் கழித்துக் கம்பி வளைந்த காலோடு என் முன் இருந்தார். என்னால் எதுவும் செய்ய முடியவில்லை.

எக்ஸ்ரே படங்கள், கிளினிக் கொப்பி, ஸ்கேன் அறிக்கை எல்லாவற்றின் மூலப்பிரதியும் உங்கள் வீட்டில் இருக்கட்டும். கம்பனிக்குப் பிரதி மட்டும். அடுத்த சத்திரசிகிச்சையில் எடுக்கும் உடைந்த தகட்டைக் கேட்டு வாங்குங்கள். நடுவில் முறிவு வைத்தியரிடம் எண்ணெய்க்கட்டுப் போட்டிருந்தால் உங்கள் சட்டத்தரணியிடம் இப்போதே சொல்லுங்கள். குறுக்கு விசாரணையில் முதல் தடவையாக அது வெளிவந்தால் வழக்கே ஆட்டம் காணும்.

அதே வைத்தியரிடம் மரியாதையாகப் போய், ஸ்கேனைக் காட்டி, எலும்பு சேரவில்லை என்றும் மேலும் என்ன சிகிச்சை தேவை என்றும் புது அறிக்கை கேளுங்கள். பெரும்பாலானோர் தருவார்கள். அதை வைத்துக் கம்பனியோடு சமரசம் பேசுங்கள். ஆம், சமரசத்தைத்தான் சொல்கிறேன். கடலுக்குப் போக முடியாத தம்பி வருடக்கணக்கில் நீதிமன்றப் படி ஏறுவதைவிட, இரண்டாவது சிகிச்சையையும் சேர்த்த ஒரு நியாயமான தொகை மேல். மூன்று மாதத்தில் பேச்சு முடியாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கைத் தாக்கல் செய்துவிட்டுப் பேச்சைத் தொடருங்கள்.