உலக வர்த்தக விதிகள் நம்ம பக்கத்துச் சிறு விவசாயியைத் தொடுமா?

தொடும். சுற்றுச்சூழலைக் காக்க வெளிநாடுகள் போடும் இறக்குமதி விதிகளால் மதுரைப் பக்கத்து விவசாயிக்கு என்ன ஆகும் என்று கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்த காப்பியை வைத்துச் சொல்கிறேன்.

என் மாமனார் வீட்டுக்குக் கீழ்ப்பழனி மலையில், பெரும்பாறைப் பக்கம் இரண்டு ஏக்கர் தோட்டம். பலா, ஆரஞ்சு, கல்யாண முருங்கை நிழலில் காப்பி; சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி. நம் நாட்டுக் காப்பியில் பெரும்பகுதி ஏற்றுமதிதான். அதிகம் வாங்குவது இத்தாலி.

ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த காப்பி, கோகோ, ரப்பர், மரம் போன்றவை அங்கே நுழையக் கூடாது. விளைந்த இடத்தையும் அட்சரேகை, தீர்க்கரேகையோடு காட்ட வேண்டும். அமலாவதை இரண்டு முறை தள்ளிப்போட்டு, பெரிய நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் கடைசியிலிருந்து என்று வைத்திருக்கிறார்கள்.

நோக்கம் நூற்றுக்கு நூறு சரி. அந்த மலையில் இறங்கும் மஞ்சளாறு வைகையில்தான் சேருகிறது. காடு போனால் முதலில் காய்வது நாம்தான்.

ஆனால் நிரூபிக்கிற பாரம் யார் தலையில் விழுகிறது? வியாபாரி வருவார், பல வீட்டுக் காப்பியையும் ஒரே குவியலாகக் கொட்டி மூட்டை பிடிப்பார். எங்கே விளைந்தது என்று தெரியாத காப்பி அதில் கொஞ்சம் கலந்தாலும் மொத்தச் சரக்குக்கும் சிக்கல். பட்டா இன்னும் தாத்தா பேரில் கிடக்கிறது. உள்நாட்டு நிலச் சட்டப்படி எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதும் விதியில் உண்டு. அப்புறம் இந்த நிழல் மரங்கள். மரத்தோடு சேர்ந்த விவசாயத்தைச் சட்டம் விவசாய நிலமாகத்தான் பார்க்கிறது. செயற்கைக்கோள் படத்திலோ அது காடு மாதிரியே தெரியும். மரத்தைக் காப்பாற்றியவருக்கே கூடுதல் விளக்கம் சொல்லும் வேலை!

இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. கடலாமையைக் காக்க அமெரிக்கா இறால் இறக்குமதியைத் தடுத்தபோது இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டன. 1998 தீர்ப்பு ஆமையைக் காக்கும் நோக்கத்தை ஏற்றது. கரீபியப் பகுதி நாடுகளோடு பேசி அவகாசமும் உதவியும் தந்துவிட்டு, ஆசிய நாடுகளுக்கு அதைச் செய்யாததைத்தான் பாரபட்சம் என்றது.

என் கருத்தும் அதுதான்: நோக்கம் சரி, ஆனால் பாரத்தைச் சிறு விவசாயி தலையில் மட்டும் ஏற்றக் கூடாது. பதிவுக்கும் அளவீட்டுக்கும் ஆகும் செலவை வாங்குகிறவர் விலையில் சேர்த்துத் தர வேண்டும். இதை நம் அரசு ஐரோப்பிய ஒன்றியத்தோடு பேசும்போதெல்லாம் விடாமல் கேட்க வேண்டும். அதுவரை, உங்கள் வீட்டில் காப்பி இருந்தால் முதலில் பட்டாவை மாற்றுங்கள். வியாபாரியிடம் உங்கள் மூட்டைக்குத் தனி ரசீது கேட்டு வாங்கி வையுங்கள்.