வாசகர் கேள்வி: 'பிளாக் பியூட்டி' குழந்தைகளுக்கான கதையா?

கேள்வி: பேத்திக்காக வாங்கிய 'பிளாக் பியூட்டி'யை அறுபது வயதில்தான் முதன்முறையாகப் படித்தேன். ஜிஞ்சர் என்ற குதிரையின் முடிவைப் படித்தபின் அதைக் குழந்தையிடம் கொடுக்க மனம் வரவில்லை. இந்த நூலை எப்படிச் சிறுவர் இலக்கியத்தில் சேர்த்தார்கள்?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: உங்கள் தயக்கம் நியாயமானதே. அன்னா சூவெல் இந்நாவலைக் குழந்தைகளை மனத்தில் வைத்து எழுதவில்லை. குதிரைகளோடு தொழில் செய்பவர்களிடம் பரிவை வளர்ப்பதே அவருடைய நோக்கமாக இருந்தது. சிறு வயதில் கணுக்கால்களில் காயம்பட்டு, சரியாக நடக்க இயலாமல் வெளியே செல்லக் குதிரை வண்டியையே நம்பியிருந்த அவர், உடல்நலம் மிகவும் குன்றியிருந்த ஆண்டுகளில் இதை எழுதினார். நூல் 1877இல் வெளிவந்தது. சில மாதங்களிலேயே, 1878இல், அவர் காலமானார். குதிரையே தன் கதையைச் சொல்லும் எளிய நடையால்தான் நூல் பிற்காலத்தில் சிறுவர் அலமாரிக்குப் போனது என்பது என் கருத்து.

வயது வந்தவர்கள் படிக்கும்போது கண்ணில் படுவது வேறு. குதிரை கம்பீரமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அதன் தலையை வாரால் இழுத்து நிமிர்த்திக் கட்டும் வழக்கம் அக்காலச் செல்வந்தரிடையே இருந்தது. அப்படிக் கட்டினால், மேட்டில் வண்டியை இழுக்கும்போது குதிரையால் தலையைத் தாழ்த்தி உடல் பலத்தைச் செலுத்த முடியாது, மூச்சும் திணறும். இந்தக் கொடுமை ஒரு சீமாட்டியின் அலங்கார ஆசையிலிருந்து பிறக்கிறது என்றால், லண்டன் வாடகை வண்டிப் பகுதியில் வரும் கொடுமை பணக்கணக்கிலிருந்து பிறக்கிறது. வண்டிக்கும் இரண்டு குதிரைகளுக்கும் நாளொன்றுக்கு 18 ஷில்லிங் வாடகை கட்டிய பிறகே தனக்கென்று ஒரு பென்னியாவது மிஞ்சும் என்று சாம் என்ற வண்டிக்காரர் குமுறுகிறார். உழைத்து ஓய்ந்து அவரும் இறந்துபோகிறார். தன்னை வாடகைக்கு எடுத்தவன் முதலாளிக்குக் கொடுத்த பணத்தைத் தன்னிடமிருந்தே கறந்தாக வேண்டியிருக்கிறது என்று ஜிஞ்சரும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறது. சாட்டையை வைத்திருப்பவனும் அடிபடும் குதிரையும் ஒரே வாடகைக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பதைப் பத்து வயதில் யாரும் கவனிப்பதில்லை. (இடையிடையே வரும் மதுவிலக்கு உபதேசங்கள் எனக்குச் சலிப்பூட்டின என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

பேத்திக்குப் பத்து வயதானால் தாராளமாகக் கொடுக்கலாம். ஜிஞ்சர் இறக்கும் அத்தியாயத்தை மட்டும் உடனிருந்து படியுங்கள். உங்களுக்கென்று வாங்கும்போது சுருக்கப் பதிப்பைத் தவிர்த்து முழு நூலையே வாங்குங்கள். சுருக்குகிறவர்கள் வண்டிக்காரர்களின் பேச்சில்தான் முதலில் கை வைப்பார்கள்.