பசைக்குள் ஒரு மரம்

அன்புள்ள ஐயா,

மும்பை செம்பூரில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். உடைந்த செல்போன் திரையைக் கழற்றியபோது, அடியிலிருந்த பசையில் கிளையும் கொப்புமாக ஒரு மரம் தெரிந்தது. ஆறு, நுரையீரல் எல்லாவற்றிலும் இதே வடிவம்தானே? இயற்கைக்கு ஒரே வரைபடம்தான் என்று தோன்றுகிறது. பொறியியலை விட்டு இயற்பியலுக்குப் போகலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

படிப்பை மாற்றுவதைப் பற்றி வீட்டில் பேசுங்கள். முதலில் இந்த வருடத் தேர்வை ஒழுங்காக எழுதுங்கள். உங்கள் மரம்தான் என்னை இரண்டு நாளாக விடவில்லை.

அப்பா தாராவி 90 அடி சாலைப் பக்கம் சாமிப் படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் வேலை பார்த்தார். படத்தை அட்டையில் ஒட்ட மைதாப் பசை காய்ச்சுவார்கள். பள்ளி விட்டதும் அங்கே போய், துண்டுக் கண்ணாடி இரண்டுக்கு நடுவே ஒரு சொட்டுப் பசை வைத்து அழுத்துவேன். அப்பளம் மாதிரி வட்டமாகப் பரவும். மெல்லப் பிரித்தால் மரம். மறுபடி அழுத்தினால் வட்டம். “விரலை அறுத்துக்குவடா” என்று அப்பா பிடுங்கிக்கொள்வார். ஆனால் துடைப்பதற்கு முன்னால் அவரும் ஒரு தடவை அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்.

அதே பசை, அதே கண்ணாடி. வரைபடம் என்று ஒன்று இருந்தால் அழுத்தும்போது ஏன் மரம் வரவில்லை? பொறியியல் படிக்கிற பிள்ளை இதைக் கேட்காமல் நேரே நுரையீரலுக்குத் தாவலாமா? எனக்குக் கோபமே வந்தது.

யார் யாரைத் தள்ளுகிறார்கள் என்று பாருங்கள். அழுத்தும்போது கெட்டியான பசை காற்றைத் தள்ளுகிறது. ஓரத்தில் ஓர் இடம் துருத்தினாலும் மற்ற இடங்கள் வந்து சேர்ந்துகொள்ளும். பிரிக்கும்போது காற்று பசைக்குள் நுழைகிறது. மயிரிழை முந்திய காற்றுக்குத் தாண்ட வேண்டிய பசை குறைவு, தடையும் குறைவு. அதனால் இன்னும் வேகமாக ஓடும். பக்கத்தில் பின்தங்கியது அப்படியே நின்றுபோகும். முந்தினது மேலும் முந்தும், அவ்வளவுதான். இப்படி விரல் விரலாக நுழைகிற காற்று நூலாக மெலிந்துவிடாமல், பசையின் மேற்பரப்பைச் சுருக்கி இழுக்கும் பரப்பு இழுவிசை பார்த்துக்கொள்கிறது.

1958-இல் சாஃப்மன், ஜி.ஐ. டெய்லர் என்ற இரண்டு பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் இதைக் கணக்காகவே போட்டார்கள். இரண்டு கண்ணாடிக்கு நடுவே கிளிசரினை நிரப்பி அதற்குள் காற்றை விட்டுப் பார்த்தார்கள். அப்பா கடைச் சமாச்சாரம்தான். எண்ணெய் வயலிலும் இதே தொல்லை. எண்ணெயை வெளியே தள்ள பாறைக்குள் தண்ணீரை இறக்குகிறார்கள். எண்ணெய் தண்ணீரைவிடக் கெட்டியாக இருந்தால், தண்ணீர் அதைத் தள்ளாமல் விரல் விரலாகத் துளைத்துக்கொண்டு மறுபக்கக் கிணற்றில் வந்து நிற்கும். விரல்களுக்கு இடையில் இருந்த எண்ணெய் பாறையிலேயே தங்கிவிடும். ராஜஸ்தானில் பார்மேர் பக்கம் மங்களா வயலில் தண்ணீரோடு பாலிமர் கலந்து இறக்குகிறார்கள். தண்ணீர் கெட்டியானால் விரல்கள் அடங்கும். தள்ளுகிறவனை மாற்றினால் மரம் மறைகிறது, பார்த்தீர்களா?

ஆற்றில் இந்த முந்துகிற கதை கொஞ்சம் உண்டு. நுரையீரல் செல்கள் வளர்ந்து கிளைப்பது, அது வேறு. இன்னொரு நாள் பேசலாம்.

அந்த உடைந்த திரையோடு மல்லுக்கட்டாதீர்கள். சட்டம் போடும் கடையில் கேட்டால் துண்டுக் கண்ணாடி சும்மாவே தருவார்கள். அழுத்துங்கள், பிரியுங்கள், திரும்ப அழுத்துங்கள். ஓரத்தை மட்டும் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். விரலை அறுத்துவிடும்.